உங்கை மழையோ

குருநகர்
9.2.1992

என் அன்பானவருக்கு,

கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. உள்ளே இருந்த படத்தில் உங்களைத் தேடிப் பிடிக்க நேரம் எடுத்தது. அத்தனை உடுப்புக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒரு மூக்கு மட்டும் தெரிகிறது. "உது அவர்தானோ, இல்லாட்டி நோர்வேக்காரன் ஆரேனுமோ?" என்று அம்மா கேட்கிறா. கலியாண எழுத்து முடிந்து இரண்டு வருடம், பதிவுக்காரருக்கு முன்னால் பக்கத்தில் நின்ற மூக்கு எனக்குத் தெரியாதா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்போ கோயிலில் தாலி கட்டுவது எப்போது என்பது அவவின் அடுத்த கேள்வி.

இங்கே இப்போது விசேஷம் உங்களுடைய பாட்டுத்தான். எண்பத்தெட்டில் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு நீங்கள் எழுதி, நான் பாடி, கசற்றில் பதிந்தோமே, அது வீட்டுக்கு வீடு போய் வருகிறது. மின்சாரம் நின்று இரண்டு வருடமாகப் போகிறது, பற்றரியும் கிடையாது. பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை தன் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவில் ரேப் ரெக்கோடரின் வயரைக் கொழுவிப் பெடலைக் கையால் சுற்றுகிறார். அவர் சுற்றச் சுற்ற நான் பாடுகிறேன். அவருக்குக் கை உளைந்தால் என் குரல் தடித்து ஆம்பிளைக் குரலாகிவிடும். "பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சிட்டுது" என்று சொல்லி மற்றக் கையை மாற்றுவார்.

இங்கே வெயில் எறிக்குது, உங்கை மழையோ?
இங்கே உலை கொதிக்குது, உங்கை பசியோ?
இங்கே கதவு திறந்திருக்குது, உங்கை வழியோ?

முதல் வரிக்கே அவருக்குக் கண் கலங்கிவிடும். மனிசி செத்துப் பத்து வருடம், அவவை நினைக்கிறாராக்கும் என்று இருந்தேன். போன ஞாயிறு பின்னேரம் கேட்டுவிட்டேன். "மனிசியோ?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவள் மண்ணுக்குள்ளை நனையாமல் கிடக்கிறாள். என்ரை வள்ளமெல்லே உங்கை மண்டைதீவுக் கரையிலை வானம் பாத்துக் கிடக்குது. தொண்ணூறிலை விட்டிட்டு ஓடி வந்தது. மழை பெய்தால் பலகை ஊதும், பிள்ளை." எங்கள் கரையில் நின்றால் மண்டைதீவு கையெட்டும் தூரம்போலத் தெரிகிறது. ஆமி இருக்குது, போகத்தான் ஏலாது.

லூர்த்தம்மா அக்கா மீன் விற்றுவிட்டுக் கடகத்தோடு வந்து இருப்பா. மழைக்கு அழமாட்டா. இரண்டாவது வரி வரவேண்டும். மகள் சைவப் பெடியனோடு வவுனியாவுக்குப் போய் நாலு வருடம். அவளுடைய பேரை எடுக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்டிருக்கிறவ, 'உங்கை பசியோ' என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளுவா. ஒருநாள் மட்டும் சொன்னா: "அவள் பசி தாங்கமாட்டாள்."

எல்லாரும் இது தங்கடை பாட்டு என்கிறார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பேன். அது ஆருக்கு எழுதின பாட்டு என்று எனக்குத்தானே தெரியும்.

வைகாசியில் பாலர் பாடசாலை ரீச்சர்மாருக்கு ஒரு கிழமைப் பயிற்சி என்று பருத்தித்துறைக்கு அனுப்புகிறார்கள். கடிதம் பிந்தினால் பயப்படவேண்டாம்.

உங்கள்
கத்தரீனா


வட நோர்வே
28.3.1992

அன்பின் கத்தரீனாவுக்கு,

'இங்கு நலம், உங்கு நலமறிய ஆவல்' என்றுதான் கடிதம் தொடங்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த வரியை எழுதிவிட்டு ஒவ்வொரு முறையும் பேனையை வைத்துவிடுகிறேன். 'உங்கு' என்றால் நீர் இருக்கிற இடம், அதை எழுதியதும் உமது வீட்டுப் படலை, பூவரச மரம், நீர் துவைத்த உடுப்புக் காய்கிற கயிறு எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றுகொள்ளும். பிறகு மற்ற வரிகள் வர நேரமெடுக்கும்.

இரண்டு மாதம் சூரியனைக் காணவில்லை. தை மாதக் கடைசியில் மலைக்கு மேல் ஒரு கீற்று வந்தது. தொழிற்சாலையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு யன்னலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். குருநகரில் வெயிலுக்குப் பயந்து ஓடினவன் இங்கே வெயிலைப் பார்க்க ஓடுகிறேன். மீன் வெட்டுகிற வேலைதான். எங்கள் கடலில் இல்லாத பெரிய மீன்கள், ஆனால் மணம் அதே மணம். சில நேரம் கண்ணை மூடிக்கொண்டால் பாசையூர்ச் சந்தை.

நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் வள்ளத்தை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆர் ஆர் எந்த வரிக்கு அழுகிறார்கள் என்று இனியும் எழுதும். எனக்கு அது வேணும்.

உமக்கான பத்திரங்களைக் கொடுத்துவிட்டேன். வருடம் ஒன்றாகலாம் என்கிறார்கள். கொழும்பில் தூதரகத்துக்கு ஒருதரம் நீர் வரவேண்டியிருக்கும். தரைப்பாதை மூடியிருக்கிறது, இருட்டில் நேவிக்குத் தப்பிக் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்கவேண்டும், வேறு வழி தெரியவில்லை.

'ஆருக்கு எழுதின பாட்டு' என்று நீர் எழுதின இடத்தைப் படித்தபோது ஏதோ எழுதவேண்டும்போல இருந்தது. எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். நேரே காணும்போது கதைப்போம்.

அன்புடன்
செபநாயகம்


குருநகர்
31.5.1992

திரு. அ. செபநாயகம் அவர்களுக்கு,

பயிற்சிக்குப் போன இடத்தில் என்னைப் பராசக்தி என்ற ஒரு அக்கா வீட்டில் தங்கவிட்டார்கள். சைவ ஆட்கள். புருசன் தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவராம், இரண்டு பிள்ளைகளோடு தனியே இருக்கிறா. நல்ல மனிசி. மூன்றாம் நாள் பின்னேரம் பிட்டுக் குழைத்துக்கொண்டு ஒரு பாட்டு முணுமுணுத்தா. உங்களுடைய பாட்டு.

கசற் பருத்தித்துறை வரைக்கும் வந்துவிட்டதாக்கும் என்று எனக்குப் பெருமை. "உது எங்கை கேட்டனீங்கள், அக்கா?" என்றேன். "கேக்கிறதோ? அது என்ரை பாட்டு" என்றா. சிரித்தேன். எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள். அவ கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கிற பிஸ்கற் ரின்னைத் திறந்து, நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்றை எடுத்து வந்தா. அதைக் கையில் தரவில்லை. தன் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டினா.

ழகரத்தின் வாலை மீன்வால்போல இரண்டாகப் பிரித்து எழுதுகிற ஒருவரைத்தான் இந்த உலகத்தில் எனக்குத் தெரியும். அடியில் திகதி 1986 பங்குனி. நீங்கள் என்னை ஏறெடுத்தும் பாராத காலம்.

"ஆர் தந்தது?" என்று கேட்டேன். "எழுதினவர்தான். வேறை ஆர் தாறது?" என்றா. "பேர்?" "பேர் சொல்லுவினமே" என்று தலையைக் குனிந்து சிரித்தா. புருசனை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இன்னொருவருடைய பேரைச் சொல்ல வெட்கப்படுகிற மனிசியை அன்றுதான் கண்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். நீக்கிலாப்பிள்ளை அண்ணை பெடல் சுற்றும்போது ஒவ்வொரு ஞாயிறும் என் முகத்தில் இருந்தது அதுதான்.

அடுத்தநாள் தலையிடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று வருடம் இன்னொருத்தியின் பாட்டைப் பாடிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஊரே கேட்டு அழுதிருக்கிறது. ஆகப் பெரிய விசரி நான்தான்.

கத்தரீனா


வட நோர்வே
12.7.1992

அன்பின் கத்தரீனாவுக்கு,

உறையில் மட்டும் நீர் எழுதுகிற என் பேரை உள்ளே கண்டேன். எழுத்து முடிந்த நாள் தொடங்கி ஒருதரமும் நீர் என் பேரை எழுதியதில்லை. வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டேன்.

தாள் என்னுடையதுதான். கையெழுத்து என்னுடையதுதான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பராசக்தி என்பவரை நான் ஒருநாளும் நேரே கண்டதில்லை, கதைத்ததில்லை.

அப்படியென்றால் தாள் எப்படி அங்கே போனது என்று கேட்பீர். அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. மடுமாதாவின் பேரில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். சத்தியத்தை உடைத்தால் இன்னொரு குடும்பம் உடையும். என்னை நம்பும் என்று கேட்கிறேன். கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்றும் யோசிக்கிறேன்.

செபநாயகம்


குருநகர்
23.8.1992

செபநாயகம் அவர்களுக்கு,

எனக்குத் தெரிந்த சத்தியம் ஒன்றுதான், பதிவுக்காரருக்கு முன்னால் சொன்னது. அதைவிடப் பெரிய சத்தியம் உங்களிடம் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு இருங்கள்.

கொழும்புக்கு நான் வரவில்லை. எழுத்தை வெட்டிவிடுவதற்கு என்ன செய்யவேண்டும் என்று அரசாங்கக் கச்சேரியில் விசாரிக்கப்போகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கசற்றை லூர்த்தம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே போட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன், ஆனாலும் கேட்டது. என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

கத்தரீனா


வட நோர்வே
4.10.1992

அன்பின் கத்தரீனாவுக்கு,

இங்கே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. மாதா சுரூபம் இல்லை. சிலுவைக்கு முன்னால் நின்று தமிழில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மரியரட்ணத்தை உமக்கு நினைவிருக்கும். வாசிகசாலைப் பந்தடிக்குழுவில் கோலுக்கு நின்றவன். பருத்தித்துறைப் பக்கம் ஒரு சைவப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே தங்கிவிட்டான் என்று ஊர் ஒரு மாதம் கதைத்ததே, அவன். அந்தப் பெட்டைதான் பராசக்தி. நீர் தங்கின வீடு அவனுடைய வீடு. இந்தியாவுக்குப் போனவனும் அவன்தான். 'எழுதினவர்' என்று அவர் சொன்னது தன் புருசனை. புருசன்மாரின் பேரை வாயால் சொல்லாத பழக்கத்தில் நீர் பிடித்திருக்கிற அதே பிடியை அவரும் பிடித்திருக்கிறார்.

எண்பத்தாறு பங்குனி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை. "மச்சான், நீ பாட்டுக் கட்டுறனி. ஒண்டு எழுதித் தா. நான் எழுதினது எண்டு அவளிட்டைக் குடுக்கப்போறன்" என்றான்.

"ஆளைப் பற்றி ஏதேனும் சொல்லடா."

"வடிவு."

"வேறை?"

"நல்ல வடிவு."

இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? வெளியே பார்த்தேன், வெயில் எறித்தது. கடைக்காரன் மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்திருந்தான், அது கொதித்தது. கதவு திறந்திருந்தது. கண்ணில் பட்டதை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டேன். பத்து நிமிடம்கூட இல்லை. கூலி இரண்டு மீன் றோல்ஸும் ஒரு பிளேன்ரீயும். றோல்ஸ் நல்லாயிருந்தது என்று நினைத்தேனே தவிர, பாட்டைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. என் எழுத்தை அப்படியே கொடுத்துவிட்டான், விசரன், பார்த்து எழுதக்கூடப் பஞ்சி. ஆருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினது அதற்குப் பிறகு.

எண்பத்தெட்டில் ஆண்டுவிழாவுக்குப் பாட்டு வேணும் என்று கேட்டபோது வேறொன்றும் வரவில்லை. பழையதை எடுத்துக் கொடுத்தேன். நீர் பாடினீர். நீர் பாடினபிறகுதான் அது பாட்டு என்று எனக்கே தெரிந்தது. உமக்காக எழுதினது என்று நீரே நினைத்துக்கொண்டபோது இல்லையென்று சொல்லத் தைரியம் வரவில்லை. அதுதான் என் குற்றம்.

வேறு பெண் ஒருத்தியும் இல்லை. அதைவிட வெட்கம், ஒருத்தருமே இல்லை. சும்மா எழுதினது.

அந்த மனிசியிடம் மட்டும் சொல்லிவிடவேண்டாம். எழுத்தை வெட்டுவதென்றாலும் இதை மட்டும் கேளும்.

செபநாயகம்


குருநகர்
29.11.1992

அன்பானவருக்கு,

றோல்ஸ் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. "என்னடி, காகம் மாதிரிக் கத்துறாய்?" என்று அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. ஒன்றுமில்லை, அவர் பகிடி எழுதியிருக்கிறார் என்றேன்.

எனக்கு இன்னும் நோகிறது. இன்னொருத்திக்கு எழுதியிருந்தால் அவளோடு சண்டை பிடிக்கலாம். ஒருத்தருக்கும் எழுதாததோடு எப்படிச் சண்டை பிடிப்பது? லூர்த்தம்மா அக்கா அழுவது தேத்தண்ணிக்கடை உலைக்கு என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பிறகு யோசித்தேன். பாட்டு வெறும் வீடாகக் கிடந்தபடியால்தான் எல்லாரும் வந்து குடியிருந்தார்களோ? ஆரேனும் உள்ளே இருந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்கள். நீக்கிலாப்பிள்ளை அண்ணை வள்ளத்தோடு அல்லவா உள்ளே போய்விட்டார். நானும் மூன்று வருடம் வாடகையில்லாமல் இருந்திருக்கிறேன்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற மினிபஸ் ஒன்றில் தொங்கிக்கொண்டு திரும்பவும் பருத்தித்துறைக்குப் போனேன். பயப்படவேண்டாம், வாயைத் திறக்கவில்லை. சத்தியத்தை உடைத்தது நீங்கள், ஒட்டி வைத்திருப்பது நான். அந்தத் தாளை இன்னொருதரம் பார்க்கவேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

பராசக்தி அக்காவுக்கு என்னைக் கண்டதும் சந்தோசம். பிஸ்கற் ரின்னை எடுத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னா: "பிள்ளை, நீ போனபிறகு உந்தக் கசற்றை இஞ்சையும் ஆரோ கொண்டந்து போட்டவை. அவர் எழுதினதை ஆரோ களவெடுத்திட்டினம் போல. களவெடுத்தாலும் பரவாயில்லை. பாடுற பெட்டை சொல்லைக் கெடுத்துப்போட்டாள். குரல் வடிவுதான், சொல்லுத்தான் பிழை."

குரல் வடிவு என்றதை மட்டும் எடுத்துக்கொண்டு, என்ன பிழை என்று கேட்டேன். தாளை விரித்தா. அன்று ழகரத்தைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. 'இங்கே வெயில் எறிக்குது, அங்கே மழையோ.' மூன்று வரியிலும் அங்கே. ஒரு இடத்திலும் உங்கை இல்லை.

"உங்கை எண்டால் நல்லாத்தானே இருக்குது, அக்கா" என்று என் சொல்லுக்காகக் கொஞ்சம் வாதாடினேன். அவ தலையாட்டினா. "உங்கை எண்டு ஆருக்குச் சொல்லுறது? கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கவேணுமே. ரண்டு வருசம், ஒரு துண்டு கடிதம் இல்லை. எந்தக் காம்பிலையோ, எந்தக் கடலிலையோ. அங்கே எண்டுதான் நான் பாடலாம்." பிறகு, "அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது பார், தான் உப்பிடிப் போவன் எண்டு" என்றா. தாளைத் தடவித் தடவி மடித்தா. நான் பிட்டைத் தின்றுகொண்டு இருந்தேன்.

வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் யோசித்தேன். எண்பத்தெட்டில் நீங்கள் என் கையில் தந்த தாளில் உங்கை என்றுதான் இருந்தது. பாட்டுப் பழக்கின தம்பிஐயா அண்ணாவியார் "செந்தமிழுக்கு நடுவிலை உதென்ன உங்கை, கொச்சை. அங்கே எண்டு மாத்து" என்று கத்த, நீங்கள் மாற்றமாட்டேன் என்று எழும்பிப் போகப் பார்த்தீர்களே. சரியான பிடிவாதக்காரன் என்று அன்று நினைத்தேன். றோல்சுக்கு எழுதின பாட்டில் ஒரு எழுத்துக்காக ஏன் அத்தனை சண்டை? அப்போது உங்களுக்குக் கேட்க ஆர் இருந்தது?

கச்சேரிக்கு நான் இன்னும் போகவில்லை. போகாமல் விட்டதற்கு மழைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தரீனா


வட நோர்வே
17.1.1993

அன்பின் கத்தரீனாவுக்கு,

அன்றும் மழைதான். ஆண்டுவிழாவுக்கு முதலாவது ஒத்திகை. ஐப்பசியோ கார்த்திகையோ, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆர்மோனியக்காரர் வந்துவிட்டார், மத்தளக்காரர் வந்துவிட்டார், பாடுகிற பிள்ளை மட்டும் வரவில்லை. கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுகிற உம்மை அதற்கு முன்னமே ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாட்டுக்கு உமது பேரைச் சொன்னதும் நான்தான்.

வாசிகசாலை வாங்கில் இருந்தேன். கையில் பழைய பாட்டைப் பார்த்து எழுதின தாள். உமது வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. எங்கள் கூரையில் விழுகிற மழைதான் உமது கூரையிலும் விழுகிறது, அது தெரியாதவனோ நான்? ஆனாலும் அங்கே மழையோ என்று கேட்கவேண்டும்போல இருந்தது. தாளில் அந்த வரி இருந்தது. வாசித்தேன். பொருந்தவில்லை. அங்கே என்றால் எங்கேயோ தூரத்தில், நீரும் இல்லாத நானும் இல்லாத ஒரு இடம். நான் கேட்க விரும்பினது நீர் இருக்கிற இடத்தைப் பற்றி. மெல்லக் கேட்டாலும் உமக்குக் கேட்டுவிடும் என்று ஒரு நினைப்பு. அகரத்தை வெட்டி உகரம் போட்டேன், வாயில் அது தானாக உங்கை ஆகிவிட்டது. மற்ற இரண்டு வரியிலும் வெட்டினேன். வீட்டுக்குப் போய் முழுதையும் திரும்ப எழுதினேன். அண்ணாவியார் அடுத்தநாள் கைவைக்கப் பார்த்தது அந்த எழுத்தில்தான். பாட்டையே தூக்கி எறி என்றிருந்தால் எறிந்திருப்பேன்.

கத்தரீனா, பாட்டு உமக்கு எழுதினது இல்லை. அந்த ஒரு எழுத்து உமக்கு எழுதினது. அதைச் சொன்னால் சிரிப்பீர் என்று நாலு வருடம் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வைக்காரி ஒரு வயது போன மனிசி. நான் முணுமுணுப்பதைக் கேட்டு என்ன பாட்டு என்றார். எனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழியில் சொல்லிப் பார்த்தேன். இவர்களிடம் இங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறது, உங்கை இல்லை. கையால் காட்டினேன். இது நான் நிற்கிற இடம், அது ஒருத்தரும் நிற்காத இடம், இது நீ நிற்கிற இடம். கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். மகன் எண்ணெய் எடுக்கிற கப்பலில் வேலையாம். மூன்றாம் நாள், அந்தச் சொல்லை இன்னொருதரம் சொல் என்று கேட்டுச் சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

தூதரகத்தில் வைகாசி மாதம் பத்தாம் திகதி கொடுத்திருக்கிறார்கள். கடிதம் இத்துடன் இருக்கிறது. கிளாலியில் நடக்கிறதைப் பற்றிக் கேள்விப்படும்போது வரவேண்டாம் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதவும் முடியவில்லை. வருவதும் விடுவதும் உமது விருப்பம். எழுத்தை வெட்டுவதும் உமது விருப்பம்.

உமது
செபநாயகம்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
15.5.1993

என் அன்பானவருக்கு,

கிளாலி கடந்தாயிற்று. அதைப் பற்றி எழுதமாட்டேன். ஒருநாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிறேன். தூதரகத்தில் முத்திரை குத்தித் தந்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் திகதி விமானம்.

குடாநாட்டை விட்டு வர இயக்கத்திடம் பாஸ் எடுக்க எனக்குப் பிணை நின்றது நீக்கிலாப்பிள்ளை அண்ணை. "என்ரை வள்ளம்தான் போகேலாமல் கிடக்குது, நீயாவது போ" என்றார். கசற் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. எல்லாரிடமும் "போட்டு வாறன்" என்று சொன்னேன். எல்லாரும் "போட்டு வா, பிள்ளை" என்றார்கள். அம்மா மட்டும் என் தலைமயிரைத் திரும்பவும் அவிழ்த்துப் பின்னிவிட்டா.

லூர்த்தம்மா அக்கா ஒரு பார்சல் தந்தா. "வவுனியாவிலை தற்செயலாக் கண்டால் குடு. காணாட்டி நீ தின்" என்றா. தற்செயலாகக் காண்பதற்கு விலாசமும் எழுதித் தந்தா. மகளைத் தேடிப் பிடித்தேன். பனங்கட்டியும் பொரித்த மீனும். அந்தப் பெட்டை வாசலில் நின்றபடியே பிரித்துத் தின்றாள். "அம்மா என்ன சொல்லிவிட்டவ?" என்று கேட்டாள். உனக்குப் பசியோ என்று கேட்டவ என்றேன். வேறொன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பாடகர் குழுவில் என்னை ஆறு மாதம் பார்த்ததாகப் பெரிதாக எழுதுகிறீர்கள். நான் உங்களை அதற்கு முன்னமே பார்த்தேன். அன்று ஒத்திகைக்கு வராமல் விட்டது மழையால் இல்லை. உங்களுக்கு முன்னால் பாட வெட்கம். மழை ஒரு சாட்டு. வீட்டுக்குள் இருந்து, உங்கை என்ன செய்கிறாரோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஒழுங்கைக்கு இடையில் ஒரே சொல் போய் வந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. எழுத்தை வெட்டுகிற கதையை இனி எடுக்கமாட்டேன். பதிவுக்காரர் எழுதினதையும், நீங்கள் எழுதினதையும்.

இங்கே மழை. உங்கை எப்படி? வெயில் என்றால் அதுவும் சரிதான், பாட்டைத் திருப்பிப் பாடலாம்.

உங்கை என்று நான் எழுதுகிற கடைசிக் கடிதம் இது. இன்னும் ஏழு நாளில் அது எனக்கும் இங்கே ஆகிவிடும். நேற்றுப் பின்னேரம் யன்னலில் நின்று பாடிப் பார்த்தேன். பக்கத்தில் நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொண்டு பாடினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் அந்த உகரத்தை ஆருக்குப் பாடுவது? அம்மாவும், நீக்கிலாப்பிள்ளை அண்ணையும், பூவரச மரமும் எங்கள் இரண்டு பேருக்கும் தூரத்தில் அல்லவா இருப்பார்கள். பராசக்தி அக்காவின் தாளில் இருப்பதுதான் சரியாக வருகிறது. நீங்கள் எனக்காக வெட்டின எழுத்தை, நான் வந்து திரும்ப எழுதவேண்டியிருக்கிறது.

அங்கே மழையோ.

அதைத் தனியே தொடங்க எனக்கு ஏலாது. நீங்கள் தொடங்குங்கள், நான் சேர்ந்துகொள்ளுகிறேன்.

வாறன்.

கத்தரீனா